கடவுத்தொடரை எங்கே தட்டச்சிடுவது? தொலை இணைப்பில் மறைகுறி மின்னஞ்சலை வாசித்தல் பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

கடிதப் போக்குவரத்தின் வரலாற்றில் இரகசியத்தைப் பேணும் முயற்சிகளும் அதனைக் குலைக்கும் முயற்சிகளும் ஒருங்கே வளர்ந்து வந்துள்ளன. 1883ஆம் ஆண்டிற் படைத்துறை மறைகுறியியல் பற்றி எழுதிய ஓகுஸ்ற் கேர்க்கோவ்ஸ் என்னும் மொழியியலாளர், ஒரு மறைகுறி முறைமை முழுவதும் எதிரியின் கையிற் சிக்கினும் கேடு நேராதிருத்தல் வேண்டும் என்றார். திறவுகோல் ஒன்று மட்டும் மறைந்திருந்தாற் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். இன்றைய மறைகுறியியல் முழுவதும் இவ்வடிப்படையின்மீதே எழுப்பப்பட்டுள்ளது எனலாம்.

இரகசியம் முழுவதும் திறவுகோலில் அடங்குமெனின், அத்திறவுகோல் எவ்விடத்தில், யாருடைய பொறியில் பயன்படுத்தப்படுகின்றது என்னும் வினா முதன்மை பெறுதல் வேண்டும். ஆயின், நடைமுறையில் திறவுகோலின் வலிமை பற்றிப் பேசப்படும் அளவுக்கு அது பயன்படும் இடம் பற்றிப் பேசப்படுவதில்லை. அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் தம் வீட்டில் அல்லது விடுதியில் இருந்தவாறு, பல்கலைக்கழகத்தில் அல்லது வேறு நிறுவனத்தில் உள்ள கணினியோடு தொலை இணைப்பை ஏற்படுத்தி, அங்கு வந்துள்ள மறைகுறி மின்னஞ்சலை வாசிக்க முற்படுகின்றார். திரை கடவுத்தொடரைக் கேட்கின்றது. அவர் அதனைத் தட்டச்சிடலாமா?

இது கணினித் துறையினருக்கு மட்டும் உரிய வினா என்று ஒதுக்கிவிட முடியாது. தம் அனுபவங்களை ஆய்வாளர் ஒருவருக்கு நம்பி எழுதுபவர், வழக்கறிஞருக்கு எழுதும் கட்சிக்காரர், பத்திரிகையாளருக்கு எழுதும் ஊழியர் ஆகியோர் அனைவரும், பெறுபவர் தம் கடிதத்தைப் பத்திரமாகத் திறப்பார் என்னும் நம்பிக்கையிலேயே எழுதுகின்றனர். பெறுபவர் தவறிழைப்பின் முதலிற் பாதிப்புறுபவர் எழுதியவரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. கடவுத்தொடரின் பணி

பல சொற்களாலாய நீண்ட கடவுச்சொல்லே கடவுத்தொடர் எனப்படுகின்றது. அது கடிதத்தை நேரடியாகப் பூட்டுவதாகவே பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பிழையானது. பிழை எங்கேயுள்ளது என்பதை விளங்கிக்கொண்டால் நமது பிரச்சினையின் பாதி தெளிவாகிவிடும்.

1976இல் விற்வீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் பொதுத் திறவுகோல் முறைக்கான கோட்பாட்டை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ற், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவரும் அதனைச் செயற்படுத்தும் கணித முறையொன்றை வகுத்தனர். இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உள்ளன. பொதுத் திறவுகோல் எவருக்கும் வழங்கப்படலாம். அது பூட்டுவதற்கு மட்டுமே பயன்படும். தனித் திறவுகோல் உரியவரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும். திறப்பதற்கு அதுவே தேவை. அணுவாயுத எதிர்ப்பியக்கத்திற் பங்குகொண்டவரான பிலிப் சிம்மர்மன், சாதாரண மக்களும் தம் சொந்தக் கணினியில் இம்முறையைக் கையாளும் பொருட்டு 1991இல் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை வெளியிட்டார். மறைகுறிக் கருவிகளின் ஏற்றுமதிச் சட்டத்தை மீறினார் என்னும் ஐயத்தில் ஐக்கிய அமெரிக்க அரசு அவர்மீது நடத்திய குற்ற விசாரணை 1996ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கைவிடப்பட்டது. 1999இல் வேர்ணர் கோக் என்னும் ஜேர்மானியர் வெளியிட்ட க்னூ பி.ஜி. அதே மரபில் எழுந்த கட்டற்ற மென்பொருளாகும்.

இம்மென்பொருள்களிற் கடிதமொன்று பின்வருமாறு திறக்கப்படுகின்றது. வாசகர் தட்டச்சிடும் கடவுத்தொடர் பன்முறை கலைத்துக் குழைக்கப்பட்டு ஓர் எண்ணாக மாற்றப்படுகின்றது. அவ்வெண், கோப்பில் மறைகுறியாக வைக்கப்பட்டுள்ள தனித் திறவுகோலை விடுவிக்கின்றது. தனித் திறவுகோல், அக்கடிதத்துக்கு மட்டுமென ஆக்கப்பட்ட தற்காலிகத் திறவுகோலை விடுவிக்கின்றது. அத்தற்காலிகத் திறவுகோலே இறுதியிற் கடிதத்தைத் திறக்கின்றது. ஆகவே, கடவுத்தொடர் பூட்டுவது கடிதத்தையன்று, திறவுகோலையே ஆகும். அலுமாரியின் திறப்பை ஒரு சிறு பெட்டியுள் வைத்து அப்பெட்டியைப் பூட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடவுத்தொடர் மட்டும் தெரிந்த ஒருவர் எதனையும் திறக்க இயலாது. திறவுகோற் கோப்பும் அவரிடம் இருத்தல் வேண்டும். தனித் திறவுகோல் வீட்டுக் கணினியில் மட்டும் இருக்குமாயின் இது பெரும் பாதுகாப்பாகும். தொலைக் கணினியிற் கடிதத்தைத் திறக்க விரும்புபவரோ திறவுகோற் கோப்பையும் அங்கேயே வைத்திருப்பார். கடவுத்தொடரையும் அங்கேயே செலுத்துவார். இரண்டும் ஓரிடத்திற் சேர்ந்துவிடுகின்றன. இரண்டாவது, இத்திறவுகோலால் இதுவரை வந்த கடிதங்கள் அனைத்தும் திறக்கப்படக்கூடியன. ஒரு கடிதம் பிறர் கண்ணிற் படுவது ஓர் இழப்பு. திறவுகோல் பிறர் கையிற் சேர்வது, யாரேனும் எப்போதோ படியெடுத்து வைத்திருக்கக்கூடிய பழைய கடிதங்கள் யாவற்றினதும் இழப்பு. இவ்விரு இழப்புகளையும் வேறுபடுத்தி நோக்குதல் இன்றியமையாதது.

கடவுத்தொடரின் வலிமை பற்றியும் இங்கு ஒருவாறு கூறல் தகும். தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லைத் தெரிவுசெய்யும் முறையை 1995இல் ஆர்னல்ட் றைன்ஹோல்ட் அறிமுகஞ் செய்தார். இவ்வாறு ஆறு சொற்களைத் தெரிவுசெய்தால், செக்கனுக்கு ஓர் இலட்சம் கோடி ஊகங்களைச் சோதிக்கும் பொறிக்கும் அவை அனைத்தையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் தேவைப்படும். ஆயின், தட்டச்சிடும்போதே அதனைப் பதிந்துகொள்பவருக்கு ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. 1999இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம், நியூ ஜேர்சி மாநிலத்தில் நிக்கொடேமோ ஸ்கார்ஃபோ என்பவரின் அலுவலகத்திலிருந்த பி.ஜி.பி. கோப்பைத் திறக்க முயன்றபோது மறைகுறியை உடைக்க முற்படவில்லை. நீதிமன்ற அனுமதியுடன் அவரது கணினியில் விசைப்பதிவுக் கருவியைப் பொருத்திக் கடவுத்தொடரைப் பெற்றுக்கொண்டது. அவ்வாறு பெற்ற சான்றினை விலக்க வேண்டுமென்ற வேண்டுகோளை 2001 டிசம்பரில் நீதிமன்றம் நிராகரித்தது. வலிமை மிக்க பூட்டை எதிர்கொள்பவர்கள் திறப்பு செருகப்படும் கணத்தையே நாடுகின்றனர் என்பதற்கு இவ்வழக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

3. வழியில் நிகழ்வன

தொலைவிலிருந்து மின்னஞ்சலை வாசிக்கும் வழக்கம் வசதிக்காக மட்டும் தோன்றியதன்று. 1980களிலும் 1990களிலும் பல்கலைக்கழகங்களில் மின்னஞ்சல் ஒரு மையக் கணினிக்கே வந்து சேர்ந்தது. பயனர்கள் முனையங்களின் வாயிலாக அதனுட் புகுந்து, 'பைன்', 'மட்' போன்ற செய்நிரல்களின் மூலம் அங்கேயே வாசித்தனர். இன்றும் ஆராய்ச்சிக் கணினிகளையும் வாடகைச் சேவையகங்களையும் பயன்படுத்துவோரிடையே இவ்வழக்கம் நிலவுகின்றது. வடிவத்தில் வேறுபடினும், தொலை மேசைத்தள வசதியும் கடவுத்தொடரைச் சேவையகத்துக்கு அனுப்பும் இணைய அஞ்சற் சேவைகளும் அடிப்படையில் இதே அமைப்பைக் கொண்டனவே.

தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்ட ரெல்நெற் முறை, தட்டச்சிடப்பட்ட எழுத்துகளை வெளிப்படையாகவே வலையமைப்பில் அனுப்பியது. இடையிலுள்ள எக்கணினியிலும் அவற்றை அப்படியே வாசிக்கலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையை அடுத்து, அங்கு பணியாற்றிய தாத்து யிலோனென் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான இணைப்பு முறையை உருவாக்கினார். இணைப்பு முழுவதையும் மறைகுறியாக்கும் இம்முறை சில ஆண்டுகளுள் ரெல்நெற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

எஸ்.எஸ்.எச். முறையால் வழியில் உள்ள ஆபத்து பெருமளவு நீங்கியது என்பதில் ஐயமில்லை. எனினும், முற்றாக நீங்கியது எனக் கூறவியலாது. 2001இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோன் சோங், டேவிட் வாக்னர், சூச்சிங் தியான் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. இவ்விணைப்பில் விசை அழுத்தப்பட்டவுடன் ஒரு தரவுப் பொதி புறப்படுகின்றது. பொதியினுள் இருக்கும் எழுத்தை அறிய முடியாவிடினும், இரு பொதிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்க முடியும். விரல்கள் விசைப்பலகையில் நகரும் தூரத்துக்கும் இந்நேரத்துக்கும் தொடர்புண்டு. சாதாரண எழுத்துகளைத் தட்டச்சிடும்போது தொலைக் கணினி அவற்றைத் திரையிற் காட்டுவதற்காகத் திருப்பி அனுப்பும். கடவுச்சொல்லைத் தட்டச்சிடும்போது அவ்வாறு அனுப்பாது. எனவே, மறுமொழிப் பொதிகளின் இன்மையே இப்போது இரகசியம் தட்டச்சிடப்படுகின்றது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. அவர்களின் கணிப்பின்படி ஒவ்வொரு விசைச் சோடியிலிருந்தும் ஏறத்தாழ ஒரு பிற்று அளவு தகவல் கசிகின்றது. குறுகிய கடவுச்சொல்லைத் தேடும் வேலை ஏறத்தாழ ஐம்பது மடங்கு குறைகின்றது.

இக்கசிவுக்கான மாற்று நெடுங்காலத்தின் பின்னரே பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் வெளியான ஓப்பின் எஸ்.எஸ்.எச். 9.5ஆம் பதிப்பு, விசையழுத்தங்களை ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு என்னும் ஒழுங்கான இடைவெளியில் அனுப்பவும், தட்டச்சு நின்ற பின்னரும் சிறிது நேரம் போலிப் பொதிகளை அனுப்பவும் தொடங்கியது. நீண்ட கடவுத்தொடரைப் பயன்படுத்துவோர்க்கு இக்கசிவு பேராபத்தன்று. ஆயினும், உள்ளடக்கம் மறைக்கப்பட்ட போதும் நடத்தை பேசும் என்னும் பாடத்தை இது கற்பிக்கின்றது.

4. சென்றடையும் இடத்தில் நிகழ்வன

வழியின் பாதுகாப்பைப் பற்றிய விவாதங்களில் அடிக்கடி மறக்கப்படும் உண்மை ஒன்றுண்டு. மறைகுறியிட்ட இணைப்பு ஒரு சுரங்கப்பாதை போன்றது. சுரங்கத்தின் மறுமுனையிற் கடவுத்தொடர் மறைகுறியற்ற எழுத்துகளாகவே வெளிவருகின்றது. அங்குள்ள செய்நிரல் அதனைப் படித்தாக வேண்டும். இல்லையெனில் தனித் திறவுகோலை விடுவிக்க இயலாது. எனவே, எஸ்.எஸ்.எச். எவ்வளவு வலியதாயினும் தொலைக் கணினியை ஆள்பவரிடமிருந்து கடவுத்தொடரை மறைப்பது அதன் பணியன்று.

தொலைக் கணினியின் நிர்வாகி பணிசெயல் முறைமை முழுவதன்மீதும் அதிகாரமுடையவர். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலின் நினைவகத்தை அவர் படிக்கலாம்; முனையத்தில் வரும் எழுத்துகளைப் பதியலாம்; மறைகுறிச் செய்நிரலுக்குப் பதிலாக அதனைப் போன்றே தோற்றமளிக்கும் வேறொன்றை வைக்கலாம். திரையில் எழுத்துகள் தோன்றாமை பயனரின் பின்னால் நிற்பவரிடமிருந்து மட்டுமே காக்கும். நினைவகத்தின் ஒரு பகுதி வட்டில் எழுதப்பட்டுவிடாதிருக்க க்னூ பி.ஜி. அதனைப் பூட்டிவைக்க முயல்கின்றது. இஃதும் நிர்வாகியின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. கடவுத்தொடரைக் கட்டளை வரியிலேயே எழுதிவிடுவோரின் நிலை இன்னும் மோசமானது. பல முறைமைகளில் ஏனைய பயனர்களும் செய்நிரற் பட்டியலில் அதனைக் காணக்கூடும்.

நிர்வாகி நேர்மையானவராகவே இருக்கலாம். பெரும்பாலானோர் அவ்வாறே உள்ளனர். ஆனால், நிர்வாகிக்குரிய அதிகாரத்தை ஊடுருவியவரும் பெறலாம். 2011 ஓகஸ்ட்டில், லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மூலநிரலைப் பேணும் தளத்தின் சேவையகங்கள் ஊடுருவப்பட்டமை கண்டறியப்பட்டது. ஊடுருவியோர் எஸ்.எஸ்.எச். மென்பொருளின் கோப்புகளையே மாற்றியிருந்தனர். பயனர்களின் செயற்பாடுகளும் பதியப்பட்டிருந்தன. உலகின் திறமைமிக்க கணினி வல்லுநர் பலர் நாள்தோறும் பயன்படுத்திய இடம் அது. 2014 மார்ச்சில் ஸ்லோவாக்கியாவின் ஈசெற் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, எஸ்.எஸ்.எச். மென்பொருளைத் திரித்து நுழைவு விபரங்களைக் களவாடும் செயற்பாடு ஒன்றினால் 25,000க்கும் மேற்பட்ட சேவையகங்கள் சில ஆண்டுகளிற் பாதிக்கப்பட்டிருந்தன எனக் காட்டியது. தாம் நம்பிய இணைப்பு மென்பொருளே தம்மைக் காட்டிக்கொடுக்கின்றது என்பதை அவற்றின் பயனர்கள் அறிய வழியிருக்கவில்லை.

இவ்வாபத்து புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. பி.ஜி.பி. முதலில் ஒருவர் மட்டும் நேரடியாக ஆளும் தனிக் கணினிக்கென வகுக்கப்பட்டது என்றும், பலர் பயன்படுத்தும் கணினிகளில் ஆபத்து மிகுதி என்றும் அதன் பழைய கையேடே எச்சரித்தது. எச்சரிக்கை மறக்கப்பட்டு வசதி நிலைத்தது என்பதே பின்வந்த வரலாறு.

5. சேவை நிறுவனங்களும் சட்டமும்

நிர்வாகியின் நேர்மைக்கும் ஊடுருவலுக்கும் அப்பால் மூன்றாவது காரணியொன்று உண்டு. தொலைக் கணினியை உடைமையாகக் கொண்ட நிறுவனம் ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது. அதனாற் செய்யக்கூடியதைச் செய்யுமாறு அரசு அதற்குக் கட்டளையிடலாம்.

கனடாவிலிருந்து இயங்கும் ஹஷ்மெயில் சேவை இதற்கு எடுத்துக்காட்டாகும். தொடக்கத்தில் இச்சேவை பயனரின் இணைய மேலோடியினுள் ஓடும் சிறு செய்நிரல் ஒன்றின் மூலம் மறைகுறியாக்கத்தைப் பயனரின் கணினியிலேயே நிகழ்த்தியது. அச்செய்நிரல் பயனர்களுக்குச் சிரமம் தந்தமையால், கடவுத்தொடரைச் சேவையகத்துக்கு அனுப்பி அங்கேயே திறக்கும் எளிய முறையொன்று 2006இற் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க அதிகாரிகளின் வேண்டுகோளை அடுத்துக் கனேடிய நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, மூன்று கணக்குகளுக்குரிய திறக்கப்பட்ட மின்னஞ்சல்கள் பன்னிரண்டு குறுவட்டுகளில் கையளிக்கப்பட்டன என்பது 2007இல் வெளிப்பட்டது. கடவுத்தொடர் சேவையகத்தைத் தொடும் வடிவிலேயே இதற்கு இடமிருந்தது.

2013இல் நிகழ்ந்த லாவாபிற் வழக்கு இன்னும் தெளிவானது. அச்சேவையில் ஒவ்வொரு பயனரின் தனித் திறவுகோலும் அவரது கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டுச் சேவையகத்தில் இருந்தது. கடவுச்சொல் பாதுகாக்கப்பட்ட இணைப்பின்வழி வந்து திறவுகோலை விடுவிக்கும். எட்வேட் ஸ்னோடனின் கணக்கைக் குறித்து எழுந்த அவ்வழக்கில் அரசு கேட்டது தனியொருவரின் கடிதங்களோடு நிற்கவில்லை. எல்லாப் பயனர்களின் இணைப்பையும் காத்துநின்ற நிறுவனத்தின் திறவுகோலும் கோரப்பட்டது. அது கிடைப்பின் வழியிற் செல்லும் கடவுச்சொற்கள் யாவும் வாசிக்கப்படக்கூடியன. உரிமையாளர் லடார் லெவிசன் முதலில் அத்திறவுகோலைக் கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்தில் 11 பக்கங்களாக அச்சிட்டுக் கொடுத்தார். பின்னர் நீதிமன்றத்தின் தண்டத்துக்கு உள்ளாகி, 2013 ஓகஸ்ட் 8ஆம் நாள் சேவையையே மூடினார். தனிமனிதரின் மனவுறுதி போற்றத்தக்கதே. ஆயின், முறைமையின் அமைப்பு மனவுறுதியிற் தங்கியிருத்தல் அதன் குறைபாடாகும்.

6. மாற்று வழிகள்

மேலே கூறியவற்றிலிருந்து ஒரு நெறியை வகுக்கலாம். மறைகுறிக் கடிதத்தைத் திறவுகோல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். திறவுகோலைக் கடிதம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லலாகாது. மறைகுறியிட்ட கடிதம் பிறர் கணினியிற் கிடப்பதாற் பெருங்கேடு விளையாது. அவ்வாறு கிடப்பதற்காகவே அது மறைகுறியாக்கப்பட்டது.

இந்நெறியைக் கடைப்பிடிப்பதற்கு மிக எளிய வழி, மின்னஞ்சலைச் சொந்தக் கணினிக்கு இறக்கி அங்கே திறப்பதாகும். 1986இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமாப் முறை, அஞ்சலைச் சேவையகத்தில் வைத்துக்கொண்டே சொந்தக் கணினியில் வாசிக்க இடமளிக்கின்றது. தண்டர்பேர்ட் அஞ்சற் செய்நிரலில் 2020ஆம் ஆண்டு முதல் ஓப்பின் பி.ஜி.பி. வசதி உள்ளிணைக்கப்பட்டுள்ளது. பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

தொலைக் கணினியிலேயே பணியாற்ற வேண்டிய கட்டாயமுள்ளவர்களுக்கு இடைப்பட்ட வழியொன்று உண்டு. 2014இல் வெளியான க்னூ பி.ஜி. 2.1ஆம் பதிப்பிலிருந்து தனித் திறவுகோல்கள் யாவும் முகவர் எனப்படும் துணைச் செய்நிரலொன்றின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. அம்முகவரை வீட்டுக் கணினியில் ஓடவிட்டு, எஸ்.எஸ்.எச். இணைப்பின்வழி தொலைக் கணினியிலிருந்து அதனிடம் வேலை கேட்கலாம். தொலைக் கணினி பூட்டிய தற்காலிகத் திறவுகோலை அனுப்பும். வீட்டு முகவர் அதனை விடுவித்து அனுப்பும். கடவுத்தொடர் வீட்டிலேயே கேட்கப்படும். தனித் திறவுகோலும் கடவுத்தொடரும் வீட்டை விட்டு நீங்குவதில்லை. எனினும், திறக்கப்பட்ட கடிதம் தொலைக் கணினியில் வெளிப்படையாகவே தோன்றும். இணைப்பு நீடிக்கும் வரை, அக்கணினியை ஆள்பவர் வேறு கடிதங்களையும் திறக்குமாறு முகவரிடம் கேட்கவும் கூடும். கடவுத்தொடரை முகவர் இயல்பாகப் பத்து நிமிடங்கள் நினைவில் வைத்திருப்பதால் பயனருக்குத் தெரியாமலே அது நிகழலாம். முன்னர் குறிப்பிட்ட இரு இழப்புகளுள் பெரியது இங்கு தவிர்க்கப்படுகின்றது, சிறியது எஞ்சுகின்றது.

திறவுகோலைச் சிறு மின்னணு அட்டையில் வைத்தல் இதனோடு சேர்த்துக் கொள்ளத்தக்கது. தனித் திறவுகோல் அட்டையை விட்டு வெளியேறாது. சில கருவிகள் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டாலன்றித் திறக்க மாட்டா. பயனர் அறியாது நிகழும் திறப்பை இது பெருமளவு தடுக்கின்றது.

இங்கு ஒரு தவறான வழியையும் சுட்டவேண்டும். தொலைக் கணினியின் சாளரங்களை வீட்டுக் கணினியின் திரைக்குக் கொண்டுவரும் வசதி எஸ்.எஸ்.எச். முறையில் உள்ளது. கடவுத்தொடரைக் கேட்கும் சாளரம் வீட்டுத் திரையிற் தோன்றுவதால், அது வீட்டிலேயே கேட்கப்படுவதாகப் பயனர் மயங்கலாம். சாளரத்தின் உடைமை தொலைக் கணினியினதே. தொலைக் கணினியில் அதிகாரமுடையவர் இவ்விணைப்பின்வழி வீட்டுக் கணினியின் விசையழுத்தங்களைக் கண்காணிக்கக்கூடும் என்று எஸ்.எஸ்.எச். கையேடே எச்சரிக்கின்றது. ஆபத்து எதிர்த்திசையிலும் பயணம் செய்யும் என்பதற்கு இது சான்றாகும்.

7. தமிழ்க் கடவுத்தொடர் பற்றி ஒரு குறிப்பு

தமிழிற் கடவுத்தொடரை அமைக்க விரும்புவோர் இரு செய்திகளைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. முதலாவது, குறட்பாவோ பழமொழியோ திரைப்பாடலோ கடவுத்தொடராக ஏற்றதன்று. அச்சேறிய எதுவும் ஊகிப்போரின் பட்டியலில் இடம்பெறக்கூடும். சொற்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தற்செயலாகத் தெரிவுசெய்யப்பட வேண்டும். அவை எம்மொழிச் சொற்களாயினும் கணக்கு ஒன்றே.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் தமிழெழுத்து கணினிக்கு ஒன்றாக இராமற் போகலாம். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை யூனிக்கோட்டில் ஒரே குறியீடாகவும் பதியலாம். 'கெ'யின் குறியையும் 'கா'வின் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் பதியலாம். இரண்டும் திரையில் ஒரே வடிவமே. ஒரு விசைப்பலகை அமைப்பு முதல் வகையையும் இன்னொன்று இரண்டாம் வகையையும் தரக்கூடும். இவற்றைச் சமப்படுத்தாத மென்பொருளில், வீட்டில் அமைத்த கடவுத்தொடர் வேறொரு கணினியில் மறுக்கப்படும். எழுத்துகள் திரையிற் தோன்றாமையாற் காரணமும் புலப்படாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த தொடர்களோ கணினிக்குத் தமிழேயல்ல. உரோமன் எழுத்துகளின் வரிசையே. திறவுகோலை ஒரே சொந்தக் கணினியிற் பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் அரிதாகவே எழும் என்பதும் நாம் கூறிய நெறிக்கு வலுச்சேர்க்கின்றது.

8. முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தொலைக் கணினியின் திரை கடவுத்தொடரைக் கேட்குமாயின், அக்கணினியை ஆள்பவருக்கும் அவருக்கு ஆணையிடக்கூடியவருக்கும் அதனை ஊடுருவக்கூடியவருக்கும் தனித் திறவுகோலை வழங்கத் தயாராக இருப்பவர் மட்டுமே அதனைத் தட்டச்சிடலாம். அவ்வாறு தயாரில்லாதவர் தட்டச்சிடலாகாது. முன்னரே தட்டச்சிட்டவர், அத்திறவுகோல் வெளிப்பட்டதெனவே கருதிப் புதியதொன்றை ஆக்கித் தம்முடன் கடிதத் தொடர்புள்ளோருக்கு அறிவித்தல் வேண்டும். பழைய கடிதங்கள் அதனாற் காக்கப்படமாட்டா. இனி வருவன காக்கப்படும்.

சாதாரண மக்களின் கையிற் கிடைத்த மறைகுறியியல், அதிகாரத்துக்கும் தனிமனிதருக்கும் இடையிலான உறவிற் குறிப்பிடத்தக்க மாற்றத்தைத் தோற்றுவித்தது. ஆனால், அம்மாற்றம் கணித முறையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. திறவுகோல் பயன்படும் பொறி யாருடைய உடைமை என்பதிலும் அது தங்கியிருந்தது. கருவியின் உடைமையைப் பிறரிடம் விட்டுவிட்டுக் கருவியின் பயனை மட்டும் தமதாக்கிக்கொள்ளும் முயற்சி வேறு துறைகளிற் போன்றே இங்கும் வரம்புக்குட்பட்டது. பழைய கணினியாயினும் தம் கையிலுள்ள ஒன்றில் அமர்ந்து கடிதத்தைத் திறப்பவர், பிறர் தம்மீது வைத்த நம்பிக்கைக்குத் தம்மால் இயன்றதைச் செய்தவராவார்.